ஒரு நிறுத்தத்துக்கு

கம்பம் ஒன்று, ஆறு மீட்டர், துத்தநாகம் பூசியது.
அதன் காலுக்குக் கான்கிரீட், நான்கு போல்ட்டு.
எழுத்து ஓடும் பலகை. பலகைக்குள் ஒரு சிம் கார்டு,
சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ்.
துலாமழை இடியில் கருகிவிடாமல் ஓர் இடிதாங்கி,
இடிதாங்கிக்குச் செம்புப் பட்டை,
செம்பை யாரும் உருவிவிடாமல் மேலே இரும்புக் குழாய்.
பதினெட்டு சதவீதம் வரி.
கூட்டினேன்.
ஒரு நிறுத்தத்துக்கு நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
கரண்ட் பில் எந்தத் தலைப்பில் சார் என்றேன்.
செயல் அலுவலர் ஜன்னலுக்கு வெளியே
மழை வருமா என்று பார்த்தார்.

கருங்கல்லிலிருந்து அளவெடுக்கப் போனது சானல்கரை முக்கு.
ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை,
அன்னாசி ஏற்றிய டெம்போ ஒன்று, டிரைவர் தூக்கத்தில்.
டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லை.
அண்டியாபீஸுக்குப் போகிற லீமாரோஸ்
தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தாள்.
கொல்லாங்கொட்டைப் பாலில் கறுத்த விரல்கள்
பூஜ்யத்தை மறைத்துக்கொண்டன.
"எதுக்கு அளக்குதிய?"
பஸ் எங்கே வருகிறதென்று காட்டும் போர்டு.
"அத வறுவேல் சொல்லுவாரே."

வறுவேல் சாயாக்கடை.
மூன்று நிறுத்தம் மேலே அவர் மச்சினனின் பஞ்சர் கடை.
நாற்பத்தாறு பி அங்கே வளைந்ததும்
வறுவேலின் போனுக்கு ஒரு மிஸ்டு கால்.
ஒருமுறை அடித்து நின்றால் பஸ் வருகிறது.
இரண்டுமுறை அடித்தால் வருகிறது, ஆனால் நிரம்பி வருகிறது, நிற்காது.
அடிக்கவே இல்லையென்றால் டிப்போவில் டயர் இல்லை.
ஆற்றுகிற கையை நிறுத்தாமல்
"இப்பம் வரும்" என்பார் வறுவேல்.
மொத்தச் செலவு, அழைப்பை எடுக்காததால், ஒன்றுமில்லை.
எங்கள் கணக்கில் இதை எழுத ஒரு தலைப்பும் இல்லை.

"மச்சினனுக்குக் கல்லடைப்பு வந்தப்போ?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அந்த வாரம் முழுக்க பஸ் வருமென்று நின்றாளாம்.
நடந்திருந்தால் நாற்பது நிமிடம்.
நடக்கலாமா வேண்டாமா என்று
நின்றே போனது ஐம்பது.
மூன்று அரைநாள் கூலி பிடித்தார்கள்.
"அரைநாள் நூத்தியெண்பது. ஒங்க போர்டு எவ்வளவு?"
சொன்னேன்.
பென்சிலை வாங்கி என் மதிப்பீட்டின் முதுகில் வகுத்தாள்,
பள்ளிக்கூடத்தில் படித்த நீள வகுத்தல்,
மீதியைக்கூட விடாமல்.
இரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு அரைநாள்.
மீதி நூற்றி அறுபது.
"அத்தன நாளும் நான் பிந்தி, அந்த ரூவா முதலாவுதுக்குள்ள
எனக்குக் கண்ணு போயிரும். பெறவு போர்ட எப்படி வாசிக்க?"
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா பதினோரு பேரு போறோம்" என்றாள்.
பதினொன்றால் வகுக்கும் முன்
ஒரு மிஸ்டு கால் வந்துவிட்டது.

ஒன்பது நிறுத்தம் கேட்டோம். இரண்டு கிடைத்தது.
ஒன்று பஸ் நிலையத்துக்குள்ளேயே,
பஸ் நிற்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.
மற்றது எங்கே என்று நான் சொல்வதாக இல்லை.
சானல்கரை முக்கில் அஸ்திவாரம் மட்டும்,
அது தனி ஒப்பந்தம், முந்தியே முடிந்துவிட்டது.
பணி நிறைவு என்று நான்தான் எழுதினேன்.

போன செவ்வாய் அந்த வழியாகப் போனேன்.
கான்கிரீட் மேடையில் நாலைந்து தூக்குவாளிகள்,
இரண்டு பெண்கள், ஒரு பலாப்பழம்.
மேலே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளுக்கு
யாரோ பழைய டியூபை வெட்டி
தொப்பி மாட்டியிருந்தார்கள், சேலை கிழியாமல்.
நான் சாயா சொன்னேன்.
வறுவேலின் சட்டைப்பைக்குள்
போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது.
மேடையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.